சுருதி சேரவில்லை என்று எழுதினேன்

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ராயபுரத்தில் ஒரு பொதுக்கூட்டம். நான் அதற்குப் போகவில்லை. சும்மா... பக்கத்தில் இருந்த மளிகை மண்டி வாசலில், அடுக்கி வைத்த மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அதென்ன மூட்டைக்குப் பின்னால் என்று கேட்பீர்கள். நியாயம்தான். கூட்டம் அந்தக் கட்சியுடையது. எந்தக் கட்சி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன? இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு நான் யாரைத் திட்டுகிறவன் என்று தெரியும். அவர்கள் கூட்டத்தில் என் தலை தெரிந்தால் மறுநாள் ஆபீசில் பதில் சொல்லி மாளாது.

மிளகாய் நெடி சும்மா விடுமா? ஒரு தும்மல், இரண்டு தும்மல், மூன்றாவது தும்மலில் மண்டிக்காரரே வெளியே வந்துவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தெருவுக்கே அண்ணாச்சி. நம் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படிப்பவர். படித்துவிட்டு என்னையே மடக்குகிறவர்.

"என்ன சார்வாள், கட்சி மாறிட்டியளா?" என்றார்.

இல்லை அண்ணாச்சி, பேண்டு கேட்க வந்தேன் என்றேன். சத்தியமான வார்த்தை. ஆறு வருஷம் மயிலாப்பூர்ப் பக்கம் குடியிருந்துவிட்டுப் போன மாதம்தான் ராயபுரத்துக்குத் திரும்பி வந்திருக்கிறேன். கூட்ட நோட்டீசைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது தலைவர்கள் அல்ல. ஏகாம்பரம் மாஸ்டரின் கிளாரினெட்.

லவுட்ஸ்பீக்கர் கரகரத்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். வந்தது கிராமபோன் தட்டு... ஊரெல்லாம் ஹோட்டலுக்கு ஹோட்டல் சுழல்கிற அதே தட்டு. மாஸ்டர் செட் எங்கே என்று அண்ணாச்சியைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அது கலைஞ்சு வருஷக்கணக்காச்சே. நீங்க எழுதினதுக்குப் பொறவுதானே?"

அதற்கப்புறம் எனக்குத் தும்மல்கூட வரவில்லை.

என்ன எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இருக்கக்கூடாது என்றுதான் என் ஆசை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் திருவொற்றியூரில் ஒரு பெரிய ஸ்டிரைக். கம்பெனியின் பெயர் இப்போது எதற்கு? வாரக்கணக்கில் கேட் திறக்கவில்லை. நான் தொழிலாளர் பக்கம். அந்தக் கட்சியோ, முதலில் வேலைக்குத் திரும்புங்கள், கோரிக்கையை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று ஊர் ஊராக மீட்டிங் போட்டது. அப்புறம் என்றால் எப்போது? எந்த முதலாளி அப்புறம் பேசியிருக்கிறார்? எனக்குக் கோபமான கோபம்.

ஆரம்பத்தில் அவர்கள் கூட்டத்துக்கு ஈ காக்கை வரவில்லை. பிறகுதான் ஏகாம்பரம் மாஸ்டரை மேடை ஏற்றினார்கள்.

மாஸ்டர் காசிமேட்டுக்காரர். கடலுக்குப் போகிற குடும்பம். அண்ணன் தம்பியெல்லாம் கட்டுமரத்தில் போக, இவர் மட்டும் கிளாரினெட்டைப் பிடித்துக்கொண்டார். ஏழு பேர் கொண்ட பேண்டு செட். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பென்றால் மாஸ்டர்தான். கட்சி மேடைக்கு மட்டும் அவர் கூலி வாங்க மாட்டார். அது அவருடைய கட்சி. யாரும் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. மனசார நம்பித்தான் வாசித்தார்.

வேலைக்குத் திரும்புகிற பாட்டு ஒன்று அவரே மெட்டுப் போட்டது. வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போ, பிள்ளைகள் பசியைப் பார் என்கிற ரகம். ஆனால் மெட்டு! வலை இழுக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மூச்சில் இழுப்பார்களே, அந்த நடையில் ஆரம்பிக்கும். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு... மூன்றாவது அடியில் திடீரென்று கீழே இறங்கி ஒரு ஏக்கம். என்ன ராகம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டால் இடத்தை விட்டு நகர முடியாது, அவ்வளவுதான் தெரியும்.

திருவொற்றியூர்க் கூட்டத்தில் ஸ்டிரைக்கில் இருந்தவர்கள் வீட்டுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு நின்று கேட்டார்கள். பாட்டு முடிந்த பிறகும் போகவில்லை, பேச்சையும் கேட்டார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்தக் கிளாரினெட் இன்னும் நாலு கூட்டத்தில் வாசித்தால் ஸ்டிரைக் உடைந்துவிடும் என்று தோன்றியது.

பாட்டு மோசமாக இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். நன்றாக இருந்ததுதான் அதன் மேல் எனக்கு இருந்த ஆத்திரம். இது எந்த ஊர் நியாயம், சொல்லுங்கள்?

டிராமில் வீடு திரும்பும்போதே கட்டுரை மனசில் ஓடிவிட்டது. முதல் இரண்டு பாராவில் கட்சியை வெளுத்து வாங்கினேன். அதில் ஒரு வரிக்குக்கூட நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா நின்றால்தானே? மூன்றாவது பாராவில் பேண்டைப் பிடித்துக்கொண்டேன். சுருதி சேரவில்லை என்றேன். கிளாரினெட் முழுக்க அபசுரம் என்றேன். ஓட்டைத் தகரத்தில் காற்று அடித்ததுபோல் இருந்தது என்றும் ஒரு வரி... அந்த வரிக்காக எடிட்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

ராகத்தின் பெயர்கூடத் தெரியாதவன் சுருதியைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டேன்!

அந்த அபசுரம் எங்கே போய் விழுந்தது என்பதை அண்ணாச்சி அன்று மண்டி வாசலில் வைத்துச் சொன்னார். பேண்டு செட்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை அல்லவா? அப்போதுதான் ஆவணிக் கல்யாணத்துக்குப் பேசி வைப்பார்கள். கல்யாண வீட்டார் மாஸ்டர் வீட்டுக்குப் போய், பெரிய டிரம்மின் மேல் வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்துவிட்டு வருவார்கள். வைத்தால் முடிந்தது. எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். வைத்த தாம்பூலத்தைத் திரும்ப எடுப்பது என்பது அந்தத் தெருவில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

என் கட்டுரை வந்தது ஆடியில்.

கட்சியைத் திட்டியதைப் படித்துவிட்டு ஒருவரும் போகவில்லை. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட மாஸ்டர்தான் வாசித்துக்கொண்டிருந்தார். ஆனால் அபசுரம் என்று அச்சில் வந்துவிட்டதே! மங்கள காரியத்தில் அபசுரம் கேட்டால் விளங்குமா? பெண்ணைப் பெற்றவர்கள் துணிவார்களா?

"என் தங்கச்சி மக கல்யாணத்துக்கு நான்தான் தாம்பூலம் வச்சேன். நானேதான் போயி எடுத்தேன்," என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கு அவர் மூஞ்சிய நான் பாக்கல, சார்வாள். டிரம்மப் பாத்துக்கிட்டே எடுத்துட்டு வந்துட்டேன்."

அண்ணாச்சியைப் பார்த்து ஒன்று இரண்டாகி, ஒன்பது வீடாகிவிட்டதாம். ஆவணி போயிற்று. தை மாதத்துக்கு யாரும் வரவில்லை. செட் பையன்கள் வேறு செட்டுக்குப் போனார்கள். கட்சி? அதற்கென்ன குறைச்சல்? இலவசமாக வாசித்தவர் வராவிட்டால் கிராமபோன் வைத்துக்கொண்டது. ஸ்டிரைக்கும் வேறு காரணங்களால் முடிந்தது. நான் யாரை அடிக்கப் போனேனோ அவர்கள் மேல் ஒரு தூசி படவில்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மாஸ்டரைத் தேடிப் போனேன். ராயபுரத்தில் ஒரு மரவாடியில் வாச்மேனாக இருக்கிறார் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். மத்தியான வேளை. தேக்குக் கட்டைகளின் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என் பெயரைச் சொன்னேன். அடிக்க வருவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நிம்மதியாகவும் இருந்திருக்கும். அவர் எழுந்து, ஒரு பலகையைத் துண்டால் தட்டி எனக்குப் போட்டார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஸ்டிரைக்கைப் பற்றி ஆரம்பித்தேன். இன்றைக்கும் அவர் தன் கட்சி சொன்னதுதான் சரி என்கிறார். முந்திய ஒரு ஸ்டிரைக்கின்போது சித்தப்பா வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவராம். நான் என் பக்கத்தைச் சொன்னேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு நானே விஷயத்துக்கு வந்தேன். அந்தக் கட்டுரையைப் படித்தீர்களா என்றேன்.

வாரா வாரம் அவர் சம்சாரம் என் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டுவாராம். கட்சியைத் திட்டுகிற இடம் வந்தால் இரண்டு பேரும் சிரிப்பார்களாம். அன்றைக்கு மூன்றாவது பாராவில் அந்த அம்மாள் நிறுத்திவிட்டார். மாஸ்டர்தான், பரவாயில்லை படி என்று கடைசி வரை படிக்க வைத்திருக்கிறார்.

"கட்சிய திட்றது உன் வேல சார். அதுக்கு நான் பேஜார் ஆவல," என்றார். "ஆனா அன்னிக்கு நீ கண்ண மூடிகினு, துடையில தாளம் போட்டுகினு நின்னியே... மேடை மேலேர்ந்து உன்னைப் பாத்துகினுதானே நான் வாசிச்சேன். அப்பறம் எப்டி சார் சுருதி சேரலன்னு எயுதன?"

தெரியாமல் எழுதினேன் என்று சொல்லத்தான் வாய் வரை வந்தது. கண்ணால் பார்த்தவரிடம் அதையும் சொல்ல முடியாது. பொய்தான் எழுதினேன் மாஸ்டர் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருஷமாக எழுதுகிறேன், இத்தனை வெட்கம் ஒரு நாளும் பட்டதில்லை.

அவர், அந்த டியூன் இன்னும் நினைவில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பாடு என்றார். மரவாடியில், பட்டப்பகலில், லாரிக்காரர்கள் பார்க்க, நான் பாடினேன். எனக்கா தெரியாது? ஆறு வருஷமாகக் குளிக்கும்போதெல்லாம் முணுமுணுத்த மெட்டு. மூன்றாவது அடியில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "அங்க இன்னும் எறங்கணும் சார்," என்று தானே பாடிக் காட்டினார். இறங்கிப் பாடினேன். சரியாக வந்ததும் தலையை ஆட்டினார்.

முழுக்க முடித்த பிறகுதான் அவர் கவனித்திருக்கிறார், நான் வார்த்தைக்குப் பதில் 'தானே நன்னே' என்று ஒப்பேற்றிவிட்டேன் என்பதை. வார்த்தையை ஏன் விட்டுவிட்டாய் என்றார். அந்த வார்த்தை என் வாயில் இன்றைக்கும் வராது மாஸ்டர் என்றேன். மனுஷர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! நான் அங்கே போனதிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. இதை நான் ஆறு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம். கூட்டத்தில் நின்று பாட்டைக் கேட்டுவிட்டு, வாசிப்பு அபாரம், சொன்ன விஷயம் அநியாயம் என்று இரண்டையும் எழுதியிருந்தால் யார் என்னைத் தூக்கிலே போட்டிருப்பார்கள்? கோபம் வந்தால் நாம் கண்ணை மட்டுமா மூடிக்கொள்கிறோம்? நமக்குப் பிடித்ததையே பிடிக்கவில்லை என்று சாட்சி சொல்லிவிட்டு, அதற்குக் கொள்கை என்று பெயர் வேறு வைத்துக்கொள்கிறோம். நான் மட்டும்தான் இப்படி என்று நினைக்கவில்லை. உங்களிலும் இரண்டு பேராவது தலையைக் குனிந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள்.

மறுத்து எழுதுகிறேன் என்று மாஸ்டரிடம் சொன்னேன். எதற்கு என்றார். கிளாரினெட் பெட்டியைத் திறந்தே மூன்று வருஷம் ஆகிறதாம். வாயில் வைத்து ஊதுகிற ரீடு காய்ந்துவிட்டது, முன்பல் ஒன்று போய்விட்டது, கூட வாசிக்க ஆள் இல்லை. இன்னொரு ஆடி வந்தாலும் டிரம்மே அவரிடம் இல்லை, விற்றாயிற்று. "இனிமே நீ இன்னா எயுதனாலும் எனக்கு ஆவப்போறது ஒண்ணுமில்ல சார்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். எனவே எழுதுகிறேன். திருவொற்றியூர்க் கூட்டத்தில் ஏகாம்பரம் மாஸ்டர் வாசித்த கிளாரினெட்டில் அபசுரம் ஒன்றுகூட இல்லை. சுருதி சுத்தமாக இருந்தது. அதைப்போல ஒரு வாசிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவர் கட்சி சொன்னது தப்பு, இன்றைக்கும் தப்பு. நான் எழுதியது பொய்.

மாஸ்டர் இதைப் படிக்க மாட்டார். மூன்றாவது பாரா வந்த வாரத்தோடு அவர் வீட்டில் நம் பத்திரிகையை நிறுத்தியாயிற்று. நான்தான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மரவாடிக்குப் போய், நாலு பேர் கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டு வர வேண்டும்.