சேலை இழுத்தவன்

எங்கள் அம்மன் கோயில் சடங்கில் பாரதக் கூத்து ஆடும்போது, சபையில் அம்மனின் சேலையை உரிபவன் நான்தான். வாவியில் வலை இழுத்துப் பழகிய கை என்று, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அந்த வேஷத்தை என் தலையில் கட்டிவிட்டார். உரிகிற சேலை ஊர்ச்சேலை. வீட்டுக்கு ஒன்றாகப் பெண்கள் கொடுப்பார்கள். நுனியோடு நுனி முடிந்து வைப்போம்.

இந்த முறை இழுக்க இழுக்க என் மனைவியின் பச்சைச் சேலை வந்தது. கூத்துக் களரிக்கு முன்னால் இருந்த என் மகள், பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு படிக்கிற ஆறு வயதுக்காரி, வீரிட்டு அழுதாள். யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அதோடு என் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். நான் குழைத்துக் கொடுத்த சோற்றையும் தொடவில்லை.

"அம்மாட சேலைய ஏன் உரிஞ்சீங்க?"

"அது கூத்து புள்ள!" என்று கத்தினேன். நான் ஒரு முன்கோபி. அவள் இன்னும் ஒதுங்கிப் போனாள்.

அந்த நாட்களில்தான் அண்ணாவியார் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகன் பழம்பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு நூதனசாலையில் எடுத்தது. இந்தியாவில் யாரோ எப்போதோ கையால் எழுதி, படமும் வரைந்த பாரத ஏட்டின் ஒரு தாள். அதே சபை. அடேயப்பா! விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். சேலைமேல் சேலை, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கரை. அரிசி மணி அளவில் பூ, பூவுக்குள் பொட்டு. அதுவும் ஊர்ப் பெண்கள் கொடுத்த சேலைகள்தான் என்றே எனக்குப் பட்டது. உடம்பு சிலிர்த்துப்போயிற்று. எங்கள் களரியை அந்தக் கை எங்கே கண்டது? நடுவில் அம்மன், ஒரு மடிப்புக் கலையாமல் கைகூப்பி நிற்கிறாள். என்ன கையடா அது! கிழிசல் பொத்த வேண்டிய வலை அப்படியே கிடந்தது.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஆரப்பா, கீழ விழுந்து கிடக்கிறது?"

அவனை நான் கவனிக்கவேயில்லை. சேலைக் குவியலின் ஓரத்தில் வாய் பிளந்து மல்லாந்து கிடந்தான். நெற்றியில் வியர்வைப் புள்ளிகள்கூட இருந்தன. கூத்திலும் அவனுக்கு அதுதான் முடிவு. அதைப் பார்க்குமுன்னே இவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அது நான்தான் மகள். இழுத்து இழுத்து, ஏலாமப் போய் விழுந்திட்டன்."

"அம்மாட சேல?"

"அம்மனக் காப்பாத்தினதே அந்தச் சேலைகள்தான்."

நெடுநேரம் படத்தையே பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளே போனாள். சரி, இன்றைக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுக்களையிலிருந்து செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது.

"குடிங்கப்பா," என்றாள். "களைச்சிட்டீங்க."