என் மகளுக்கு நான் வாங்கிய விஞ்ஞானம்

நான் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவன். அதைச் சபையில் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. புதுவயலில் என் ரைஸ் மில் ஓடிய ஓட்டத்தில், டிகிரி வாங்கியவர்கள் என் ஆபீசில் நாற்காலி காலியாகும்வரை நின்றிருக்கிறார்கள். ஆனால் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவது மில்லைப் பற்றி அல்ல. தொண்ணூறுகளின் கடைசியில், காரைக்குடிப் பக்கம் முக்கால்வாசிப் பேர் இன்டர்நெட் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் என் மகளுக்கு அதில் விஞ்ஞானப் பாடம் வாங்கினேன். அதுதான் சங்கதி.

ஆறாவது முடித்த லீவில் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. மதுரையில் ஆபரேஷன், மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தால் மறுபடி கோளாறு, மறுபடி கட்டு. ஏழாம் வகுப்பு வருஷம் கட்டிலிலேயே போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துத் தலைமையம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "மே மாசம் நாங்க தனியா ஒரு பரீட்சை வைப்போம். எல்லாப் பாடத்துலயும் தேறினா எட்டாவது. இல்லைன்னா மறுபடி ஏழாவதுதான்."

வீட்டில் வந்து சொன்னேன். மகள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சின்னப் பிள்ளைககூட உக்காரச் சொன்னா நான் பள்ளிக்கூடமே போகமாட்டேம்ப்பா."

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். காலையில் மாதா கோவிலில் பூசை முடிந்ததும் ஜெபமாலையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து தமிழ், கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். விஞ்ஞானம் என்றதும் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அது எனக்குத் தெரியாதுங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிக் குடுக்க எனக்கு வராது."

சரி, விலைக்கு வாங்குவோம் என்று இறங்கினேன். மதுரையிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் கம்ப்யூட்டரும் சி.டி.யுமாக வந்தார். போட்டார். சூரியன் சுழன்றது, மியூசிக் வந்தது, கிரகமெல்லாம் கலர் கலராகப் பறந்தது. என் மனைவி அப்போதே விழுந்துவிட்டாள். "ஏங்க, இதையே வாங்கிருவோம்."

நெல் வாங்குகிறவன் மூட்டையின் வாயில் இருப்பதை நம்பமாட்டான். குத்தூசியை நடு மூட்டையில் செருகி, உள்ளே கிடப்பதை உருவி எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதுவான். பதராக இருந்தால் பறந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரே பரீட்சை அதுதான்.

"தம்பி, நடுவுல ஒரு பாடத்தைத் திற."

"முதல்லேருந்து பாத்தாத்தான் சார் புரியும்."

"எனக்குப் புரிய வேணாம். நீ நடுவுல திற."

திறந்தார். சூரியனும் இல்லை, மியூசிக்கும் இல்லை, வெறும் எழுத்துதான். அதற்கடுத்த பாடத்தில் ஒரே ஒரு வரி. மகள் எட்டிப் பார்த்து வாசித்தாள்: "விரைவில் வரும்னு போட்டிருக்குப்பா."

"எப்ப வரும் தம்பி?"

"அடுத்த வெர்ஷன்ல சார்."

"அப்ப அந்த வெர்ஷன் கூடவே நீயும் வா."

மகள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் கம்ப்யூட்டரை மட்டும் வாங்கிக்கொண்டு சி.டி.யைத் திருப்பிக் கொடுத்தேன்.

காரைக்குடியில் புதிதாகப் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மில்லை ஒட்டித்தான் வீடு, இரண்டுக்கும் ஒரே போன். அந்த லைனில் இன்டர்நெட்டை இழுத்து, வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்கென்று அமெரிக்காவில் நடத்துகிற ஒரு விஞ்ஞானப் பாடத்தைப் பிடித்துக் கொடுத்தார். கொஞ்ச நாள் சும்மா பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டலாம். நடுவில் திறந்தேன். அங்கேயும் பாடம் இருந்தது. கடைசியிலும் இருந்தது.

டீச்சர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அமெரிக்காக்காரன் பாடத்தைப் படிச்சு நம்ம ஊர்ப் பரீட்சை எழுதவா? என்ன பேச்சுப் பேசுறீக?"

"கேள்வி கேட்டா பதில் சொல்லுவோம்னு போட்டிருக்காக. கேட்டுப் பாப்போம். பதில் சொல்லாத ஆள்கிட்ட நான் காலிச் சாக்குகூட வாங்கமாட்டேன்."

மகள் ஜன்னல் வழியாக நெல் காயும் களத்தைப் பார்த்தாள். "பச்சையா அரைச்சா நொய்யாப் போற நெல்லு, அவிச்சுக் காயவச்சு அரைச்சா ஏம்ப்பா முழுசா வருது?"

"அது அப்படித்தான்."

"அப்படித்தான்னா, ஏன்?"

அதையே இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். பதில் வந்தது. அங்கே பாடம் நடத்துகிற அம்மாள் எழுதியிருந்தார்: தான் ரைஸ் மில்லைப் பார்த்ததே இல்லையாம். இரண்டு அரிசியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்ன தெரிகிறது என்று இவளே எழுதவேண்டுமாம்.

"அப்பா, டார்ச் லைட்டை எடுத்துட்டு வாங்க. அப்படியே ரெண்டு நெல்லுலயும் ஒரு கை."

உமியை உரித்து, அரிசியை லைட்டுக்கு நேரே பிடித்தாள். பச்சை அரிசிக்குள்ளே மயிரிழைபோல விரிசல். அவித்த அரிசியில் விரிசலே இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. எழுதினாள். ஆவியில் உள்ளே இருக்கும் மாவு வெந்து விரிசலை ஒட்டவைத்துவிடுகிறது என்று மறுபதில் வந்தது. ஆயுசு பூரா அவித்தவன் நான். அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

"இதுதான் வேணும்ப்பா" என்றாள். அன்றைக்கே பணத்தைக் கட்டினேன். டீச்சரும் இறங்கி வந்தார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற அம்மாவா? அப்பச் சரி" என்று நம்ம ஊர் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, எந்தப் பாடத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் மில் போன் மில்லுக்குக் கிடைக்கவில்லை. சிங்கம்புணரி வியாபாரி ஒருத்தர் நேரிலேயே வந்துவிட்டார். "ஏண்ணே, எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டு. மில்ல வித்துப்புட்டீகளா?"

"மில் இருக்குய்யா. என் மக அமெரிக்காவோட பேசிக்கிட்டிருக்கா. காப்பியக் குடிச்சுட்டு இரு."

சில பேர் வேறு மில்லுக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

மே மாதம் கம்பை ஊன்றிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதினாள். மறுவாரம் தலைமையம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். விஞ்ஞானப் பேப்பர் மேஜைமேல் கிடந்தது.

"புத்தகத்துல இல்லாததையெல்லாம் எழுதியிருக்கா. நெல்லு அவிக்கிறதெல்லாம் எழுதியிருக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க சயின்ஸ் டீச்சர் இதை ஸ்டாஃப் ரூம் பூரா காட்டிட்டுத்தான் என்கிட்டக் கொண்டுவந்தாங்க. எல்லாத்துலயும் தேறிட்டா. எட்டாவதுலயே உக்காரட்டும். யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"யார் சொல்லிக் குடுத்தா என்னங்க, வாங்கிக் குடுத்தது நான்" என்றேன்.

ஜூன் மாதம் முதல் நாள் காரைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். கையைப் பிடிக்கப் போனேன்.

"நீங்க அங்குட்டே நில்லுங்கப்பா. எல்லாரும் பாக்குறாக."

கம்பை ஊன்றி அவளே, வாசலுக்கு நேரே தெரிந்த எட்டாம் வகுப்புக்குள் போனாள். பழைய சிநேகிதிகள் கத்திக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டார்கள். நான் மில்லுக்குப் போகாமல் வாசலிலேயே நின்று, பிள்ளையை விட வந்த ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, கேட்காமலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.