கொடிக்காரன் ஏன் நகரவில்லை

ஆஸ்பத்திரி நடையில் இரண்டு தள்ளுவண்டிகளை அருகருகே நிறுத்தியிருந்தார்கள். ஒன்றில் நான் கிடந்தேன். இன்னொன்றில் விமானம் ஓட்டிய பைலட். சின்ன வயது. காறை எலும்பு (தோளையும் நெஞ்செலும்பையும் சேர்க்கும் எலும்பு) உடைந்து, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏங்க நகரல?" என்றார்.

என் இடது கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. வாயில் எச்சில் நுரைத்து வழிந்தது. இயல்பிலேயே நான் அதிகம் பேசாதவன். பேசக்கூடியவனாக இருந்திருந்தாலும் அப்போது பேச எனக்கு வாய் இல்லை. அன்று மாலைக்குள் அவரைக் காரில் பெரிய நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் கேட்ட கேள்வியை மட்டும் என் படுக்கைக்கு அருகில் விட்டுவிட்டுப் போனார். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையே எடுத்துக் கேட்டார்கள்.

கால் எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களுக்கும், வயலில் மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். விமானத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த வருடம் கடலைக் காடுகளில் கம்பளிப்பூச்சி விழுந்தது. அரூர்ப் பக்கம் செடியில் இலையே மிஞ்சவில்லை. சின்ன விமானம் ஒன்று வந்து மேலிருந்து மருந்து தூவியது. பைலட்டுக்கு எந்த வரிசையில் பறக்க வேண்டும் என்று தெரிவதற்காக வயலின் கோடியில் ஒருவன் கம்பில் வெள்ளைக்கொடி கட்டிப் பிடித்து நிற்க வேண்டும். விமானம் அவனை நோக்கி வரும். அருகில் வருவதற்குள் அவன் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட வேண்டும். விமானமும் அதற்குள் மேலே ஏறிவிடும். நான் அப்படி நின்ற ஆள்.

நோயின் முதல் அறிகுறி கால் அல்ல. அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வேலைக்குப் போன சில நாட்களிலேயே சாயங்காலம் ஆனால் தலை வலித்தது. பார்வை மங்கியது. கெண்டைச் சதை தானாகத் துடித்தது. வெயில் என்று நினைத்தேன். என் மனைவி கமலா மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். மருந்து படிந்த சட்டையையே மறுநாளும் போட்டுக்கொண்டு போனேன். ஆற்றில் நனைந்தவனைப் போல மருந்தில் நனைந்து திரிந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் விமானத்துக்குள்ளும் ஜீப்புக்குள்ளும் இருந்தார்கள்.

விபத்து நடந்தது மாதையன் காட்டில். அவருக்குத்தான் அந்தப் பக்கத்தில் நிலம் அதிகம். என் கையிலிருந்த கொடியைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"ஏம்பா பெருமாளு, கோடித்துணியக் கம்புல கட்டிக்கினு என் காட்டுக்குள்ள எறங்குவியா? இங்க எவன் செத்துப்போனான்?"

கொடி பழசாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் புதுத் துணி கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் மஞ்சள் தடவாத புது வெள்ளைத் துணியைச் சாவுக்குத்தான் எடுப்பார்கள். மற்ற எதற்கானாலும் ஓரத்தில் ஒரு பொட்டாவது மஞ்சள் வைப்பார்கள். வெள்ளையாக இருந்தால்தான் மேலிருந்து தெரியும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "மேல இருக்கறவனுக்கு எல்லாம் தெரியும்" என்றார். அவர் வீட்டிலிருந்து ஒரு குண்டானில் மஞ்சள் தண்ணீர் வந்தது. ஓரத்தில் பொட்டு வைத்திருந்தால் பரவாயில்லை. முழுத் துணியையும் முக்கி எடுத்துவிட்டார்கள்.

வயலின் கோடியில் அவருடைய வைக்கோல் போர். அதற்கு முன்னால் மஞ்சள் கொடியோடு நான்.

விமானம் எப்போதும்போல் வந்தது. எனக்கு அது ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது, பிறகு மங்கியது, பிறகு தெரியவே இல்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நகர வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. கால் ஈரமூட்டை போல் கிடந்தது. விமானம் தலைக்கு மேலே திடீரென்று ஏறப் பார்த்து, சக்கரம் போரில் இடித்து, பக்கத்தில் குப்புற விழுந்தது. உடைந்து பறந்த சக்கரத்தின் இரும்பு என் முழங்காலுக்குக் கீழே அடித்தது. தொட்டி வெடித்து மருந்து முழுவதும் என் மேல் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் காலைப் பார்க்கவில்லை. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி ஊசித்துளை அளவுக்குச் சுருங்கியிருந்ததாம். அட்ரோபின் (பூச்சிமருந்தின் விஷத்தை எதிர்க்கும் ஊசி மருந்து) ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். வாய் வறண்டு நாக்கு மரக்கட்டை ஆனது. சுவரில் ஆட்கள் நடந்து போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். பிழைத்தபின் டாக்டர் கேட்டார்.

"முன்னாடியே தலைவலி, கண் மங்கல் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. வெயிலுன்னு நெனச்சேன்."

"வெயில் இல்ல. ஏற்கெனவே விஷம் ஏறியிருக்கு. இது நரம்பு சதைக்குச் சொல்ற சேதியக் கெடுத்துடும். நீங்க ஓடணும்னு நெனச்சாலும் கால் கேட்டிருக்காது. அதனாலகூட இருக்கலாம்."

அப்போது எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது. இவர் 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறார். இதை எழுதும்போதும் அந்த எரிச்சல் முழுவதும் போகவில்லை. நோயாளிக்கு ஆறுதல் சொல்ல வருகிற காரணமும் காரணம்தான்.

என்னைப் பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்துகூட வந்தார்கள். நான் யார் என்றே தெரியாதவர்கள். வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்று, விமானத்துக்கு எத்தனை இறக்கை, உள்ளே எத்தனை பேர் உட்காரலாம், விழும்போது தீப்பிடித்ததா என்று கேட்டார்கள். ஒருவர் என் காலைப் போர்வைக்கு மேல் தட்டிப் பார்த்தார். கமலா ஒரு நாள் கத்திவிட்டாள்.

"ஏரோப்ளேன் பாக்கணும்னா காட்டுக்குப் போங்க. அங்கதான் கெடக்குது. இங்க வெறும் காலுதான் இருக்குது. அதுவும் நாறுது!"

உண்மையில் நாறியது. எலும்பு வெளியே வந்த முறிவு என்பதால் மண்ணும் மருந்தும் புண்ணுக்குள் போயிருந்தன. கழுவிச் சுத்தம் செய்து மாவுக்கட்டுப் போட்டார்கள். புண்ணைப் பார்க்க அந்தக் கட்டில் ஜன்னல் மாதிரி ஒரு துண்டை வெட்டி வைத்திருந்தார்கள். நர்ஸ் தினமும் அந்த ஜன்னலைத் திறப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அது என் கால் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. யாரோ என் படுக்கையில் கொண்டுவந்து போட்ட சாமானாக இருந்தது. ராத்திரியும் பகலும் காய்ச்சல். பிறகு விரல்கள் கறுத்தன. கேங்கிரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுதல்) என்றார் டாக்டர்.

"முட்டிக்குக் கீழ எடுத்துடலாம். முட்டி தப்பிச்சா கட்டைக்கால் வெச்சு நல்லா நடக்கலாம். தள்ளிப் போட்டா முட்டியும் போயிடும். அதுக்கு மேல உசுரு."

"முடியாதுங்க" என்றேன்.

"ஏன்?"

மறுபடியும் ஏன். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். காலின் மேல் பிரியம் இல்லை. ஆனால் எல்லோரும் ஒன்றைச் செய் என்றால் செய்யாமல் கிடப்பதுதான் என் கையில் மிச்சமிருந்த ஒரே காரியம்.

இதற்கு நடுவில் விசாரணை அதிகாரி வந்தார். சுத்தமான சட்டை, மரியாதையான பேச்சு. விமானம் மிகத் தாழ்வாகப் பறந்திருக்கலாம், பாரம் அதிகம் இருந்திருக்கலாம், கொடி தெரியாமல் இருந்திருக்கலாம், கொடி பிடித்தவர் உரிய நேரத்தில் விலகாமல் இருந்திருக்கலாம் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் விபத்துக்கு வாய்ப்புள்ள காரணங்கள் என்றார்.

"கொடி மஞ்சளா இருந்துச்சுங்க" என்றேன்.

"மஞ்சளா? நிலத்துக்காரர் வெள்ளைன்னு சொல்றாரே."

"அவரு வூட்லதான் முக்குனாங்க."

"துணி கெடைக்கலைங்க. நான் ரெண்டையும் குறிச்சுக்கறேன்" என்றார். குறித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற டாக்டர், "அவர் நகரலையா, நகர முடியலையான்னும் குறிச்சுக்குங்க" என்றார். அது மருத்துவ விஷயம், தன் வேலையில் வராது என்று அதிகாரி தணிந்த குரலில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. விமானத்தில் அடிபட்ட இரும்பையெல்லாம் தட்டிப் பார்த்தவர்களுக்கு, அடிபட்டதில் நான் மட்டும் வேறு இலாகா.

விரல்களிலிருந்து கறுப்பு பாதத்துக்கு ஏறிய பிறகு மாதையன் வந்தார். ஆரஞ்சுப் பழம், பிஸ்கட், வெளியே ஒரு கார். கமலாவிடம்தான் முதலில் பேசினார்.

"எதுக்கும்மா கால அறுக்கறது? மலையடிவாரத்துல கட்டுப் போடறவரு ஒருத்தரு இருக்காரு. எண்ணெ போட்டு மூங்கிப் பத்தை வெச்சுக் கட்டுனா மாடே எந்திரிச்சு நடக்குது. காரு நிக்குது பாரு, இப்பவே ஏத்திக்கினு போயிரலாம்."

கமலா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஆசை இருந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அறுக்காமல் சரியாகும் என்று யார் சொன்னாலும் அந்த நேரத்தில் காது அங்கேதான் போகும். எனக்கும் போனது. காரில் ஏறிவிட்டால் இந்த டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டாம். போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

மாதையன் அதற்குள் என் தோளைத் தட்டினார். "ஒன்னும் பயப்படாத பெருமாளு. அன்னிக்கு அந்த மஞ்சத்துணி கையில இருந்ததாலதான் நீ பொழச்ச. வெறும் கோடித்துணியா இருந்திருந்தா அப்பவே போயிருப்ப. எங்க வூட்ல சொல்லிச் சொல்லி சந்தோசப்படறாங்க."

"மஞ்சத்துணின்னு அந்த ஆபீசர்கிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"அது எதுக்கு அவங்கிட்ட? நல்லதுக்குப் பண்ணுனத அவன் வேற மாரி எழுதிக்குவான். நீயும் வாய வெச்சுக்கினு சும்மா இரு."

"உங்க காட்டுல கொடி வெள்ளையா?"

"வெள்ளைதான்" என்றார் அவர், என் கண்ணைப் பார்த்தே. உடனே ஒரு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார். "இந்தா, சாப்புடு."

சுளையை என் வாய்க்கு நேரே நீட்டினார். என் வாழ்நாளில் நான் யாரையும் அதட்டியதில்லை. அன்று வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"கையக் கீழ போடுய்யா! என் உசுரக் காப்பாத்துனது மஞ்சளு, என் காலப் பொளந்தது நான் நகராததா? உன் காரும் வேணாம், கட்டும் வேணாம். கமலா, டாக்டரக் கூப்புடு. அறுத்துக்கச் சொல்லு. இன்னிக்கே அறுத்துக்கச் சொல்லு!"

"என்னா மரியாத இல்லாம…" என்று ஆரம்பித்தார் மாதையன்.

கமலா பழப் பையை எடுத்து அவர் கையில் திணித்தாள். "போய்ட்டு வாங்கண்ணா. டாக்டரு வர்ற வழி" என்றாள்.

மறுநாள் காலையில் காலை எடுத்தார்கள். முழங்கால் தப்பியது. கட்டுப் போடுபவரிடம் போயிருந்தால் தொடை வரை போயிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை, போயிருக்கும் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை மன்னித்தேன். இந்த மாதிரி முடிவுகளை அமைதியாக, யோசித்து, குடும்பத்தோடு கலந்து எடுக்க வேண்டும் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். நானும் அதையே சொல்லலாம். ஆனால் என் முடிவு பொய் சொன்ன ஒரு மனிதனின் மேல் வந்த கோபத்தில் எடுத்தது. கோபம் எனக்கு அதுவரை செய்யாத உதவியை அன்று செய்தது.

பிறகு நடந்தது நீண்ட, சலிப்பான வேலை. மிஞ்சிய காலை இறுக்கிக் கட்டிக் கூம்பாக்க வேண்டும். அப்போதுதான் செயற்கைக்கால் பொருந்தும். தலையணை வைத்து முட்டியை மடக்கிப் படுக்கக் கூடாது, மடங்கியபடியே இறுகிவிடும். இல்லாத பாதத்தில் வலி வரும். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் வருவதுதான். மருந்தடிக்கிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் குளித்துத் துணியைத் துவைக்க வேண்டும். கண் மங்கினால் வெயில் என்று நினைக்காதீர்கள். உங்களை நிற்கச் சொன்னவர் நிழலில் இருப்பார்.

விசாரணையின் முடிவு எனக்கு எழுத்தில் வரவில்லை. பல காரணங்கள் சேர்ந்து நடந்த விபத்து என்று முடித்ததாக யாரோ சொன்னார்கள். மாதையனைச் சந்தையில் பார்ப்பேன். அவர் கும்பிடுவார். நான் கும்பிடுவதில்லை. கை காலியாக இருந்தாலும் கும்பிடுவதில்லை.

இப்போது நான் ஒரு மண்டியில் உட்கார்ந்து மூட்டைகளை எடை பார்க்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு உடம்பைப் புதிதாகக் கற்றுக்கொள்வது கேவலமாக இருந்தது. முன்பெல்லாம் விழிப்பு வந்தது தெரிவதற்குள் நான் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். இப்போது கண் திறந்ததும் எழுந்துவிட முடிவதில்லை. உட்கார வேண்டும், காலின் மிச்சத்தைத் தடவிப் பார்க்க வேண்டும், புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், துணி சுற்ற வேண்டும், கட்டைக்காலின் வாரை மாட்ட வேண்டும். விழிப்பதற்கும் நிற்பதற்கும் நடுவே என் வாழ்க்கையில் முன்பு இல்லாத ஒரு நேரம் முளைத்திருக்கிறது. முதலில் அதை வெறுத்தேன். என்னிடமிருந்து திருடப்பட்ட நேரம் என்று நினைத்தேன்.

கமலா அடுப்படியிலிருந்து, "இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்பாள்.

"இரு" என்பேன்.

அவள் ஏன் என்று கேட்பதில்லை. நான் வாரை மாட்டாமல் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பேன்.