பார்வதி அக்கா கருத்துச் சொல்லாத வண்டி இல்லை

"மாமா, அம்மா போய்ட்டாங்க" என்று பார்வதி அக்காவின் மகள் கவிதா தொலைபேசியில் சொன்னபோது, நான் சிலிபின் வட்டாரத்தில் ஒரு டயர் கடையில் நின்றிருந்தேன். செய்தியைக் கேட்ட கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இனிமே யாரு வந்து எனக்குத் தப்புச் சொல்லுவா?" என்றார். அக்கா அறுபத்தைந்து வயதில், தூக்கத்திலேயே போயிருக்கிறார்.

அக்காவும் நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி வேன் ஓட்டினோம். அவருடைய வேனில் போய்ப் படித்த உங்களுக்கு அவர் கருத்துகள் மனப்பாடமாகவே இருக்கும். ஆட்டோ கியர் சோம்பேறிகள் கண்டுபிடித்தது. ராணுவ டாங்கியா? "பின்னாடி யாரு வரான்னு தெரியாத வண்டி எனக்கு ஆவாதுலா." செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் அனுப்பப் போகிறார்கள் என்றால், "திரும்பி வர எங்க எண்ணெ ஊத்துவான்? அதச் சொல்லு மொதல்ல" என்பார். ஒருமுறை, மேலே போன ராக்கெட் இறங்கி வந்து நேராக நிற்கும் காணொளியைக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். "போறது பெருசில்ல தம்பி. எப்படிக் கோட்டுக்குள்ள நிறுத்துறான் பாரு! நம்ம ஆளு பசார்ல ரெண்டு வண்டி எடத்த ஒருத்தனே புடிச்சிக்கிறான்."

வாயோடு நிற்பவர் அல்லர் அவர். ஓர் ஆண்டு, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் முதல் நாள். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து செம்பனைத் தோட்டமாகிவிட்ட இடத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு வேன்களும் வந்துகொண்டிருந்தன. முந்தைய நாள் மழையில் மண் சாலை கரைந்திருந்தது. ராணுவ லாரி ஒன்று சேற்றில் புதைந்து, சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. தேர்வுக்கு இன்னும் நாற்பதே நிமிடம். ஒரு பெண் அழவே தொடங்கிவிட்டாள். லாரிக்காரர் எண்ணெயை மிதிக்க மிதிக்க, சக்கரம் சுழன்று இன்னும் ஆழமாக இறங்கியது.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். அங்கே தமிழ் பேசும் வீரர் ஒருவர் இருந்தார். "அக்கா, இது மிலிட்டரி வண்டிலா. நாங்க பாத்துக்கிறோம்."

"மிலிட்டரி வண்டின்னா சேறு சல்யூட் அடிச்சு வழி விடுமா? மிதிக்கிறத நிறுத்தச் சொல்லு. டயர்ல காத்த எறக்கு. அந்தச் செம்பனை மட்டையெல்லாம் சக்கரத்துக்கு அடியில போடு."

வீரர் தம் அதிகாரியிடம் மலாய் மொழியில் சொன்னார். அதிகாரி அக்காவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிள்ளைகளும் மட்டைகளை இழுத்துப் போட்டார்கள். காற்று இறங்கிய டயர் மட்டையைப் பற்றிக்கொள்ள, லாரி முனகிக்கொண்டே மேலே ஏறியது. பள்ளி மண்டபத்துக் கதவைச் சாத்தும் நேரத்தில் பிள்ளைகள் சேற்றுக் காலோடு உள்ளே ஓடினார்கள். அன்று அழுத பெண் இப்போது காம்பார் பள்ளி ஒன்றில் ஆசிரியை.

அக்கா சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுதினால் அவரே சிரிப்பார். மின்சாரக் கார் வெறும் விளையாட்டுச் சாமான், மலை ஏறாது என்று அவர் அடித்துச் சொன்னார். அதை நம்பி, அந்த மாதிரிக் காரை வாங்காதே என்று என் மகனிடம் சொன்னேன். அவன் வாங்கினான். மூன்று வாரம் அவனோடு நான் பேசவில்லை.

இதைக் கேள்விப்பட்ட அக்கா, நேரே அவனிடம் போய், "கேமரன் மலைக்கு விடுலா" என்று காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்ததும் என் வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கும்படியாகச் சொன்னார். "நான் சொன்னது தப்பு. அருமையா ஏறுது. என் பேச்சக் கேட்டு எதுக்கு நீ புள்ளகிட்ட மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? போய்ப் பேசு."

பேசினேன். அன்று மாலையே அந்தக் காரில் இருவரும் கடையில் தே தாரே தேநீர் குடிக்கப் போனோம்.

அக்காவின் கருத்துகளில் பாதியை நான் ஒப்புக்கொண்டதே இல்லை. "நான் சொன்னது தப்பு" என்ற அந்த ஒன்றை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். போன வாரம் மனைவியிடம் முதன்முதலாக அதைச் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.