கார்டு தட்டுங்க

"கார்டு தட்டுங்க" என்கிறார் சேத்தோ. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். இரண்டு கைகளிலும் பைகள், பல்லிடுக்கில் ஒரு ரசீது. கதவைத் திறக்கும் பொத்தான் அவருடைய மேசைக்கு அடியில், முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அழுத்த மாட்டார். நான்தான் பைகளைக் கீழே வைத்து, சட்டைப்பையைத் துழாவி, குடியிருப்புக் கார்டை எடுத்துக் கதவோரப் பெட்டியில் தட்டவேண்டும்; கதவு விலகியபிறகு எழுந்து வருவார். ஒரு பையை வாங்கிக்கொண்டு லிஃப்ட் வரை கூடவே நடப்பார். "கீரை பச்சுனு இருக்கே தம்பி, கீழ மார்க்கெட்டுலயா வாங்குனீங்க?" என்று விசாரிப்பார். அதற்குமேல் அவரைக் கோபித்துக்கொள்ள யாரால் முடியும்?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறாம் கோபுரத்தின் பகல் காவலர் அவர். குடும்பப் பெயர் சேத்தோ. முழுப் பெயரை அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. தலைக்கு மையிட்டிருப்பார், வகிடு மட்டும் வெள்ளையாக இருக்கும். கம்பெனி கொடுத்த கோட்டு இன்னொருவருக்குத் தைத்ததுபோலத் தொளதொளவென்று தொங்கும். ஏசிக் காற்று நேராக மேசையில் விழுவதால் ஹாங்காங் வெயில் கொளுத்தும் ஆகஸ்டிலும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு வெந்நீர் குடிப்பார். பழைய செய்தித்தாளால் கதவுக் கண்ணாடியைத் துடைப்பதில் அவருக்கு அலாதி இன்பம். அந்தச் சுத்தத்தை நம்பி நெற்றியை இடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

உள்ளே வரும் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: "வெளிய மழையா?" யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? லுங் யீ குடியிருப்பு என்பது கீழே ரயில், அதன்மேல் பஸ் நிலையம், அதன்மேல் இரண்டு அடுக்கு மால், மாலின் கூரையில் ஒரு தோட்டம், தோட்டத்தைச் சுற்றி எட்டுக் கோபுரங்கள். ஆபீசில் ஏறும் ரயிலிலிருந்து படுக்கையறை வரைக்கும் தலைக்குமேல் கூரைதான். வீட்டுச் செருப்போடு பிளாட்பாரத்துக்குப் போய் மகளை அழைத்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஈரக்குடையோடு வந்துவிட்டால் சேத்தோவுக்குத் தலைகால் புரியாது. அன்றைக்கு எல்லோரிடமும் தானே சொல்வார்: "மழையாம்!"

மூன்றாம் மாடியில் குவான் அக்கா என்று ஒரு அம்மாள். நாக்கில் பட்டாசு வைத்திருப்பவர். சேத்தோவிடம் அன்றாடம் ஒரு சண்டை போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "பன்னண்டு வருஷமா என் மூஞ்சியப் பாக்குற. இன்னும் கார்டு கேக்குறியே, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்பார்.

"மூஞ்சி மாறும்க்கா. போன மாசம்கூட முடிய வெட்டிக்கிட்டு வந்தீங்க. கார்டு மாறாது."

"முடிய வெட்டுனா நான் வேற ஆளாயிடுவேனா?"

"தட்டுங்க, சொல்றேன்."

இந்தச் சட்டம் அவருடைய மனைவிக்கும் உண்டு. பிங் அம்மாள் அன்றாடம் மதியம் ரயிலில் ஒரு பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வருவார். தாமரைக்கிழங்கும் பன்றி எலும்பும் போட்ட சூப். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கூரை போட்ட நடையில் ஒரு மரப்பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்துகொள்வார். சேத்தோ வெளியே போய்க் குடித்துவிட்டு உள்ளே வருவார். உள்ளே ஏசி, சோபா, மீன்தொட்டி எல்லாம் இருந்தும் அந்த அம்மாள் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய ஒருநாள், பெஞ்சையே காற்று நகர்த்திக்கொண்டிருந்தபோது, "உள்ள விடுங்க அண்ணே, யாரு கேக்கப்போறாங்க?" என்று நான் சண்டைக்கே போனேன். "அவளுக்கு இங்க வீடு இல்லையே தம்பி. கார்டு எப்படிக் குடுப்பாங்க?" என்றார். பிங் அம்மாள் வெளியிலிருந்து சிரித்துக்கொண்டே கத்தினார்: "விடுங்க தம்பி! உள்ள விட்டா இவருக்கு வேலை போயிடும். வெளிய விட்டா சூப்புதான் ஆறும். சூப்ப மறுபடி சுட வெச்சுக்கலாம்."

சீனப் புதுவருடத்துக்கு முன்னால், குளிர்காலத்தில், பிங் அம்மாள் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. சேத்தோ ஒரு வாரம் வரவில்லை. வந்தபிறகு, மதியமானால் வெளியே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து கடையில் வாங்கிய சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. சில நாட்கள் மதியத்தில் கீழே இறங்குவதையே நிறுத்திவிட்டேன்.

இப்போது சீனப் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதம் வந்துவிட்டது. பாதாளக் கதவு திறந்து, செத்தவர்களும் நாதியற்ற ஆவிகளும் ஊருக்குள் நடமாடும் மாதம். அவர்களுக்குக் காகிதத் துணியும் காகிதப் பணமும் தெருவோரத்தில் எரித்தாக வேண்டும். எரிப்பது புகையாகப் போய் அவர்களிடம் பொருளாகச் சேரும். எங்கள் குடியிருப்பில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களுக்குத் தெரு கிடையாது. கூரைத் தோட்டத்தில் தீ மூட்டினால் நிர்வாகம் அபராதம் போடும், அதற்குத் துணைபோன காவலரை வேலையிலிருந்து நிறுத்திவிடும். அதனால் வருடந்தோறும் குவான் அக்கா லாபியில் வந்து நின்று ஒரு பாட்டம் புலம்புவார்.

"தோட்டத்துலதான் மண்ணு இருக்கே, அங்க கொளுத்துனா என்னவாம்?"

"அது தொட்டி மண்ணுக்கா. அதுக்குக் கீழ சூப்பர் மார்க்கெட்டு" என்றார் சேத்தோ. "அப்படியே கொளுத்துனாலும் எந்த ஆவி மேல வரும்? ஆவிக்கு யாரு கார்டு குடுத்தா?"

லாபியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். சேத்தோவும் சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. குல்லாயைக் கழற்றி மடித்தார், மறுபடி பிரித்தார்.

"என்ன அண்ணே?" என்றேன்.

"அவளுக்கு மொத ஏழாம் மாசம் தம்பி. குளிர்ல போனவ. கோட்டு அனுப்பணும். எங்க கொளுத்துறதுன்னுதான் தெரியல."

"உங்க வீட்டுத் தெருவுல கொளுத்தலாமே?"

"அவ போனப்புறம் ரூமக் காலி பண்ணிட்டேனே. இப்ப மகன்கூட இருக்கேன். அந்த இடம் அவளுக்குத் தெரியாது. தெரிஞ்ச இடம்னா இதுதான், அன்னாடம் வந்தா. இங்கயும் ரோடு தெரியாது அவளுக்கு. ரயில், எஸ்கலேட்டரு, பாலம், லிஃப்டு, இந்தப் பெஞ்சு. ரோட்டுல கொளுத்தி வெச்சா எப்படிக் கண்டுபிடிப்பா? எல்லாரும் கைநிறைய வாங்கிட்டுப் போவாங்க. அவ மட்டும் வெறுங்கையோட நிப்பா."

குவான் அக்கா வழக்கம்போல் எகிறினார். "வாய் இருக்குல்ல? கேட்டுக் கேட்டு வந்துடுவா."

"கேக்க மாட்டாக்கா. கூச்சப்படுவா" என்றார் சேத்தோ.

வேறு வழி இல்லாததால் அந்த மாதத்தின் பதினான்காம் நாள் சாயங்காலம் நாங்கள் மூவரும் பஸ் நிலையத்துக்கு இறங்கினோம். சேத்தோ வேலை முடிந்து, கம்பெனிக் கோட்டை மடித்துப் பைக்குள் ஒளித்துவைத்திருந்தார். நான் ஆரஞ்சுப் பழங்களும் அவித்த கடலையும் எடுத்துவந்தேன். குவான் அக்கா தகர டப்பா, ஊதுபத்தி, நாதியற்றவர்களுக்கு இறைக்க அரிசி. பஸ்கள் திரும்பும் மூலையைத் தாண்டி ஒரு நடைபாதை ஓரம் இருக்கிறது. அதுதான் எங்களுக்குக் கிடைத்த தெரு. காற்று தீக்குச்சியை நிற்கவிடவில்லை. "இதோ இங்க அடக்கமா இருக்கு" என்று சேத்தோதான் ஒரு சுவரோரத்தைக் காட்டினார். சாய்வான இரும்புப் பட்டைகள் பதித்த உயரமான சுவர். அவர் வேலை பார்ப்பது மேலே. கீழே எது என்ன என்று எங்களைப் போலவே அவருக்கும் தெரியாது.

முதலில் ஆவிகளுக்குப் பொதுவாகக் காகிதப் பணம் எரித்தோம். பிறகு சேத்தோ தன் பையைத் திறந்தார். பஞ்சு வைத்ததுபோலத் தடிமனாகச் செய்த காகிதக் கோட்டு. ஒரு ஜோடி காகிதக் காலணி. அப்புறம் ஒரு காகித பிளாஸ்க், சொல்லிச் செய்யவைத்தது, மூடி தனியாகத் திருகுகிற மாதிரி. பெயரை எழுதி ஒட்டியிருந்தார். காலணியும் பிளாஸ்கும் நன்றாகப் பற்றிக்கொண்டன. ஒரு விசித்திரம், புகை மேலே எழவில்லை. குனிந்து, அந்த இரும்புப் பட்டைகளுக்கிடையே சமர்த்தாக நுழைந்து போய்க்கொண்டிருந்தது. "பாத்தீங்களாக்கா, யாருக்கும் தொந்தரவு இல்லாத புகை" என்று சேத்தோ பெருமைப்பட்டார். கோட்டை எடுத்து டப்பாவில் வைத்தார்.

பாதி எரிந்திருக்கும். எங்கள் காலுக்கடியில் எங்கோ மணி அலறியது. தீயணைப்பான் உருளையோடு ஒரு ஸ்டேஷன் அதிகாரி ஓடிவந்தார். "அடப் பாவிங்களா! இது ஸ்டேஷனுக்குக் காத்து இழுக்குற வாய்! கீழ பிளாட்பாரம் பூரா ஊதுபத்தி வாசனை! ஜனங்க எல்லாம் இருமிக்கிட்டு நிக்குது!" என்று கத்திக்கொண்டே வெள்ளைத் தூளை டப்பாவின் மேல் பீய்ச்சினார். எல்லாம் அடங்கியது. கோட்டின் ஒரு கையும் பாதிக் கழுத்தும் கரியாமல் கிடந்தன.

"யாரு கொளுத்துனது? எந்தக் கட்டடம்? நிர்வாகத்துக்குச் சொல்லணும்."

சேத்தோ வாயைத் திறந்தார். பொய் அவருக்கு வராது என்பது எங்களுக்குத் தெரியும். கார்டைக்கூட எடுத்து நீட்டியிருப்பார். குவான் அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான்யா கொளுத்துனேன். எங்க வீட்டுக்காரருக்கு."

"எப்பத் தவறுனாரு?"

"போன வருஷம்" என்று முந்தானை இல்லாததால் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தார். அந்த நேரத்தில் திரு. குவான் மூன்றாம் மாடியில் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் மாதத்தில் வேடிக்கைக்குக்கூட யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், குலை நடுங்கும். அந்த அம்மாளின் மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அந்த நிமிடத்தில் போய்விட்டது. அதிகாரி, கிழவி கிடக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, திட்டிவிட்டு உருளையைத் தூக்கிக்கொண்டு போனார். அக்கா உடனே மூன்று தரம் தரையில் துப்பி, தலையைச் சுற்றி அரிசியை வீசினார்.

சேத்தோ குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த காகிதக் கையைத் தட்டித் தட்டித் தூள் போக்கிக்கொண்டிருந்தார். "பாதிக் கோட்டுதான் போயிருக்கும். ஒரு கைய எப்படிப் போட்டுக்குவா?" என்றார். "ஒரு வேலையக்கூட உருப்படியாச் செய்யத் தெரியல எனக்கு."

"அட, மூளை இருக்கா உனக்கு?" என்றார் குவான் அக்கா. "புகை எங்க போச்சு?"

"ஸ்டேஷனுக்குள்ள."

"அவ எந்த வழியா வருவா?"

சேத்தோ நிமிர்ந்து பார்த்தார்.

"பிளாட்பாரத்துல வந்து எறங்குறப்பவே கையில வாங்கியிருப்பாடா மடையா. மிச்சத்தை அடுத்த வருஷம் அனுப்பு. எந்திரி."

மூவரும் மேலே ஏறினோம். எஸ்கலேட்டர், பாலம், லிஃப்ட். பெஞ்சைத் தாண்டிக் கதவருகே வந்ததும் நான் வழக்கம்போல் கார்டைத் துழாவினேன். அதற்குள் சேத்தோ தன்னுடையதை எடுத்துத் தட்டிவிட்டார். கதவு விலகியது. எங்களுக்காகத்தான் என்று நாங்கள் இருவரும் நுழைந்தோம். அவர் வரவில்லை. ஓரமாக ஒதுங்கி, கையில் பிளாஸ்கோடு ஒரு ஆள் தாராளமாக நுழையுமளவுக்கு இடம் விட்டு நின்றார்.

"என்ன அண்ணே, யாராவது வராங்களா?" என்று இரவுக் காவலர் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கதவு தானாக மூடத் தொடங்கியது. சேத்தோ மறுபடி கார்டைத் தட்டினார்.