நால்ரோட்டுப் பூதம்

பனியனுக்குப் பிரிண்டிங் போட்டுப் பிழைக்கிறவனுக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு? வாயை மூடிக்கொண்டு டீ குடித்திருக்கலாம். எங்கள் நால்ரோட்டு பேக்கரியில் உட்கார்ந்துகொண்டு, நான்கு தெரு கூடும் இடத்துக்குப் பழைய தமிழில் சதுக்கம் என்று பெயர், வடமொழியில் நான்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, வடக்கத்திப் பையன்கள் சொல்லும் சௌக் அதற்குக் கூடப்பிறந்தது என்று ஆரம்பித்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தச் சதுக்கத்துல ஒரு பூதம் காவல் இருக்குமுங்க. பொய் சொல்றவனைப் புடிச்சுத் தின்னுபோடுமுங்க" என்றேன்.

பக்கத்தில், "பீஸ் அயர்னிங்ல இருக்குதுங்க, சாயங்காலம் வந்துருமுங்க" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்த தையல் யூனிட்காரர் சட்டென்று நிறுத்தினார். துணியே இன்னும் சாயப்பட்டறையை விட்டு வரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தொழிலில் போன் பேசாமல் டீ குடிக்க முடியாது; போனில் உண்மை பேசினால் தொழில் பண்ண முடியாது. பூதத்தை யாரும் நம்பவில்லைதான். ஆனாலும் எதற்கு வம்பு என்று ஒவ்வொருவராக அடுத்த தெரு டீக்கடைக்கு நழுவிவிட்டார்கள். பேக்கரியில் பஃப்ஸ் காய்ந்துபோய்க் கிடந்தது.

"ஏனுங்க, எம்பட பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே" என்றார் பேக்கரிக்காரர். மனிதர் கடையை மூடிவிடுவாரோ என்று பயமாகவே இருந்தது.

நல்லவேளை, குழாய் பதிக்க வந்தவர்கள் நான்கில் ஒரு ரோட்டைத் தோண்டிப்போட்டு வழியை அடைத்தார்கள். நான் அடுத்த தெருவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்: "இப்ப மூணு ரோடுதானுங்க. அது வெறும் முச்சந்தி. பூதத்துக்கு அங்க வேலையில்லீங்க!"

மறுநாளே கூட்டம் திரும்பியது. இத்தனை நாள் விட்டுப்போன பொய்யையெல்லாம் சேர்த்துச் சொன்னார்கள். குழியை மூடச் சொல்லித் தெருவே கத்தியது. பேக்கரிக்காரர் மட்டும், "மெதுவா மூடுங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நேற்று அந்தக் குழி வேலையின் மேஸ்திரி டீ குடிக்க வந்தார். வெளியே குழி வாயைப் பிளந்தபடி கிடந்தது. அவருக்குப் போன் வந்தது. "மூடியாச்சுங்க சார், தாரும் ஊத்தியாச்சுங்க" என்றார் கூசாமல்.

பேக்கரிக்காரர் ஒரு தேங்காய் பன்னை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"காசு வேண்டாமுங்க. தினமும் வாங்க."