குற்றாலத்தில் இன்னொரு நான்

‘சாரல் விழுந்தால் சொந்தம் பெருகும்’ என்பார்கள், குற்றாலத்தை ஒட்டிய எங்கள் இலஞ்சியில். போன சீசனில் மைத்துனரின் நண்பர் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் அறை கேட்டார். ஆதாரை மறந்துவிட்டு வந்தாராம். உள்ளூர்க்காரன் உதவாவிட்டால் எப்படி என்று என் ஆதாரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவரும் அதைக் காட்டி, தங்கி, குளித்து, ஊர் திரும்பினார்.

சில வாரம் கழித்து, தெரிந்த லாட்ஜ் மேனேஜர் போன் செய்தார்.

“அண்ணாச்சி, எங்க இருக்கிய?”

“வீட்லதாம்லே.”

“அப்ப இங்கன உங்க ஆதாரைக் காட்டி ரூம் கேக்கது யாரு? தலை நெறைய முடி வேற இருக்கு!”

எனக்கோ முழு வழுக்கை.

நான் போவதற்குள் அந்த ஆள் நழுவிவிட்டான். மைத்துனரின் நண்பரை விசாரித்தால், படத்தை அவசரத்துக்கு இன்னொருவருக்கு அனுப்பினாராம். அதற்கப்புறம் அது எங்கெங்கே போனதோ!

“ரூம்ல ஏதாவது நடந்திருந்தா போலீஸ் உங்க வீட்டுக்குல்லா வந்திருக்கும்” என்றார் மேனேஜர்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமே. இப்போது ஆதார் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. கேட்கிற இடத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகலைக் கொடுக்கிறேன். எதற்காகக் கொடுக்கிறேன் என்பதையும் அதன்மேல் எழுதிவிடுகிறேன்.

இந்தச் சாரலுக்கும் நண்பர்களோடு வருவதாக மைத்துனர் போன் செய்தார்.

“தாராளமா வாங்க மாப்ள, சோறு நான் போடுதேன். ஆதாரை மட்டும் அவங்கவங்க கொண்டாந்திருங்க” என்றேன்.